ஆம்பூர் டாலரும் அயலூர்க் கணக்கும்

ஆம்பூரிலிருந்து ஒரு கன்டெய்னர் ஷூ துறைமுகத்துக்குக் கிளம்பும் முன்பே, அதற்கு வரப்போகும் டாலரை விற்றுவிடுவது எங்கள் ஊர் ஏற்றுமதியாளர்களின் வழக்கம். சரக்கு போய்ச் சேர்ந்து பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் டாலர் இறங்கினால் லாபம் கரைந்துவிடும். அதனால், இன்ன தேதியில் இன்ன விலைக்கு இத்தனை டாலர் தருகிறேன் என்று இன்றைக்கே வங்கியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். ‘ஃபார்வர்டு புக் பண்ணியாச்சா?’ என்பது தோல் கம்பெனி அலுவலகங்களில் அன்றாடம் காதில் விழும் கேள்வி.

என் அப்பா அப்படியொரு கம்பெனியில் கணக்கராக இருந்தார். பேக்கிங் கிரெடிட், எல்.சி., பில் டிஸ்கவுண்ட் என்று எல்லாக் காகிதங்களையும் வங்கிக்குச் சுமந்தவர் அவர்தான். ஃபார்வர்டு ஒப்பந்தம் ஒரே ஒரு தாள். முதலாளியின் கையெழுத்து, கம்பெனி முத்திரை, அவ்வளவுதான். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் போனபின் அந்தத் தாளை வைத்து வங்கி என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. வேலூரில் பொறியியல் படித்துவிட்டு, 2000களின் நடுவில் சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் தொழில்நுட்ப மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அந்த மாதிரித் தாள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இரவும் ஆயிரம் விதமாக விலை போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கென்று ஆயிரக்கணக்கான கணினிகளை ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிணைப்புக்குப் பெயர் கிரிட்.

அந்த கிரிட்டின் வரலாற்றை எங்கள் ஊரின் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பாலாற்றங்கரைத் தோல் வியாபாரத்தில் சரக்கு நம்முடையது, உழைப்பு நம்முடையது. கணக்கு மட்டும் எப்போதும் அயலூரில் நடந்திருக்கிறது. கணக்குப் போடுகிறவர் கையில்தான் வியாபாரத்தின் பிடி இருக்கும் என்பதை எங்கள் ஊர் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

லண்டனில் விழுந்த விலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கமெங்கும் தோல் ஷாப்புகள் பெருகின. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு முடித்த அந்தத் தோலுக்கு வெளிநாட்டில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளின் பூட்ஸுக்கு இந்தத் தோலை அரசாங்கமே மொத்தமாக வாங்கியது.

அமைதிக் காலத்தில் அதன் பாதை வேறு. தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்குப் போகும். அங்கிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போகும். லண்டனில் ஏலம் விடுவார்கள். மண்டிக்காரர் சரக்கின் பேரில் முன்பணம் கொடுத்து, ஏலத்தில் விழுந்த விலை தெரிந்தபின் கமிஷன், கப்பல் கூலி, வட்டி எல்லாம் கழித்துக் கணக்கு முடிப்பார். பட்டை இடித்தவரும் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவரும் இருந்தது இங்கே; விலை விழுந்தது கடலுக்கு அப்பால். ஏன் அந்த விலை விழுந்தது என்று கேட்க இங்கே யாருக்கும் வழி இல்லை.

சரக்கின் உருவம் பிறகு மாறியது. 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி அரசாங்கம் 1973-இல், பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி முழுப் பதனிட்ட தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவிக்கத் தொடங்கியது. ‘செமி’ தோல் விற்றுக்கொண்டிருந்த ஊர், ஷூ அப்பரும் முழு ஷூவும் செய்யும் ஊராக மாறியது.

நாணயக் கணக்கு அப்போதெல்லாம் அப்பாவின் கம்பெனி போன்றவற்றுக்குப் பெரிய கவலையாக இல்லை. 1975 வரை ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 1966 ஜூன் 6-ஆம் தேதி டாலர் விலையை 4.76 ரூபாயிலிருந்து 7.50-க்கு மாற்றியதுபோல அரசாங்கம் ஒரே நாளில் மாற்றினால்தான் உண்டு. 1991 ஜூலையில் மறுபடி மதிப்புக் குறைப்பு வந்தது. 1993 மார்ச்சில் டாலர் விலையைச் சந்தையிடம் விட்டார்கள். அன்றிலிருந்து அப்பாவின் பேரேட்டில் புதிதாக ஒரு பத்தி முளைத்தது. காலையில் வங்கிக்கு ஃபோன் போட்டு அன்றைய விலையைக் கேட்டு அதில் எழுதுவார். விலை வங்கி சொல்வது. எழுதுவது மட்டும்தான் அவர் வேலை.

ஒரு பக்க அறிக்கைக்குப் பின்னால்

ஆம்பூர் செமி தோலிலிருந்து திரும்பத் தொடங்கிய அதே 1973-இல்தான் உலகப் பணச் சந்தையும் திரும்பியது. பெரிய நாடுகளின் நாணயங்கள் நிலையான விலையைக் கைவிட்டு மிதக்கத் தொடங்கின. ஏப்ரலில் சிகாகோவில் ஆப்ஷன்களுக்கென்று தனிச் சந்தை திறந்தது. பிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் ஆப்ஷனுக்கு விலை போடும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். வருங்காலத்தில் ஒரு பொருளை இன்ன விலைக்கு வாங்கும் உரிமை இன்று எவ்வளவு பெறும் என்ற கேள்விக்கு முதன்முறையாக உருப்படியான கணித விடை கிடைத்தது.

சூத்திரத்துக்குள் அடங்காத ஒப்பந்தங்களும் இருந்தன. 1977-இல் ஃபெலிம் பாயில் அவற்றுக்கு வேறு வழி காட்டினார். அணுகுண்டு ஆய்வில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் வான் நாய்மனும் வளர்த்த மான்டி கார்லோ முறையை அவர் ஆப்ஷன் கணக்குக்குக் கொண்டுவந்தார். நாளைய டாலர் எந்தப் பாதையில் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போகக்கூடிய பாதைகளில் பத்தாயிரத்தைக் கணினியால் உருவாக்க முடியும். ஒவ்வொரு பாதையிலும் ஒப்பந்தம் என்ன தருகிறது என்று பார்த்துச் சராசரி எடுத்தால் அதன் விலை கிடைக்கும். முறை எளிது, ஆனால் கணினியின் உழைப்பு ஏராளம் வேண்டும்.

அந்த உழைப்பை வங்கிகளின் தலைமையே கேட்கத் தொடங்கியது 1990-ஐ ஒட்டி. ஜே.பி. மார்கன் வங்கியின் தலைவர் டென்னிஸ் வெதர்ஸ்டோன், தினமும் மாலை 4.15-க்கு ஒரே ஒரு தாள் தன் மேஜைக்கு வர வேண்டும் என்றார். உலகம் முழுதும் பரவிக்கிடக்கும் வங்கி நாளைக்குள் எவ்வளவு இழக்க நேரலாம் என்பதை அந்தத் தாள் சொல்ல வேண்டும். 1994-இல் அந்த வங்கி தன் முறையை ரிஸ்க்மெட்ரிக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. 1996 ஜனவரியில், வங்கி மேற்பார்வைக்கான பாசல் குழு, சந்தை நஷ்ட அபாயத்துக்கு எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதை வங்கிகள் தங்கள் சொந்தக் கணக்கு முறையிலேயே போடலாம் என்று அனுமதித்தது. இரவுக் கணக்கு அதன்பின் வங்கித் தொழிலின் அன்றாடக் கடமையாகிவிட்டது.

அதன் அளவு புரிய ஒரு சின்ன உதாரணம் போதும். ஒரு வங்கியிடம் 50,000 ஒப்பந்தங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 1,000 சூழ்நிலைகளில் விலை போட வேண்டும். மொத்தம் 5 கோடி விலைகள். ஒரு விலைக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு என்றால்கூட 5 லட்சம் நொடிகள் ஆகும். ஒரே கணினி என்றால் ஏறக்குறைய ஆறு நாள். அறிக்கையோ விடிவதற்குள் வேண்டும். ஆயிரம் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இப்படிப் பிரித்துக் கொடுக்க முடிவதற்குக் காரணம், ஒரு விலை இன்னொரு விலையை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஷூ அப்பரைக் கையால் தைக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஏஜென்ட் வெட்டிய தோலையும் நூலையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு வீட்டின் ஜோடி அடுத்த வீட்டின் ஜோடிக்காகக் காத்திருக்காது. ஒரு வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த மூட்டை பக்கத்து வீட்டுக்குப் போகும். மாலையில் எல்லாம் ஒரே இடத்தில் எண்ணி வாங்கப்படும். கிரிட்டில் அந்த ஏஜென்டின் வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஷெட்யூலர் என்று பெயர்.

பல்கலைக்கழகத்திலிருந்து வங்கிக்கு

அந்த ஷெட்யூலரை முதலில் எழுதியவர்கள் வங்கிக்காரர்கள் அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியும் அவர் கூட்டாளிகளும், ஆசிரியர்களின் மேஜைகளில் இரவெல்லாம் சும்மா கிடந்த கணினிகளுக்கு வேலை கொடுக்க நினைத்தார்கள். 1988-இல் அவர்கள் கட்டுரையாக வெளியிட்ட அந்த மென்பொருளின் பெயர் கான்டர். உரிமையாளர் வந்து விசைப்பலகையைத் தொட்டால் அது மரியாதையாக விலகிக்கொள்ளும். செய்து முடித்த அளவைச் சேமித்து வைத்து வேறொரு கணினியில் தொடரும். தொண்ணூறுகளில் இயான் ஃபாஸ்டரும் கார்ல் கெஸல்மனும் குளோபஸ் மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். பல ஊர்களில் பல நிறுவனங்களுக்குச் சொந்தமான கணினிகளை ஒன்றாகப் பயன்படுத்தும் வழி அது. 1999-இல் செட்டி@ஹோம், வேற்றுக்கோள் உயிர்களின் சமிக்ஞையைத் தேட உலகெங்கும் வீட்டுக் கணினிகளைத் திரட்டியது. கிரிட் என்ற சொல் பத்திரிகைகளில் பரவிய காலம் அது.

வங்கிகள் முதலில் காசு கொடுத்தே வாங்கின. டொரன்டோவில் 1992-இல் தொடங்கிய பிளாட்ஃபார்ம் கம்ப்யூட்டிங்கும், நியூயார்க்கில் 2000-இல் தொடங்கிய டேட்டாசினாப்ஸும் அவர்களுக்கு மென்பொருள் விற்றன. வாக்கோவியா, ஜே.பி. மார்கன் போன்ற பெரிய வங்கிகள் டேட்டாசினாப்ஸின் மென்பொருளை வாங்கின. அவை நல்ல மென்பொருள்கள். ஆனால் கணினிகளின் எண்ணிக்கை கூடக்கூட உரிமக் கட்டணமும் கூடும். இரவுக் கணக்குக்கோ ஒவ்வொரு ஆண்டும் இன்னும் கணினிகள் தேவைப்பட்டன.

அந்த இடத்தில்தான் திறமூல மென்பொருள் உள்ளே வந்தது. சன் நிறுவனம் 2000-இல் தான் வாங்கிய கிரிட் என்ஜின் என்ற ஷெட்யூலரின் மூல நிரலை 2001-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஹார்ட்ஃபோர்டு காப்பீட்டு நிறுவனம் தன் ஓய்வூதியத் திட்டங்களின் அபாயக் கணக்கைக் கான்டரில் ஓட்டியது. ஜே.பி. மார்கனில் ஜான் ஓ'ஹாரா 2003-இல், கணினிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள ஏ.எம்.க்யூ.பி. என்ற நெறிமுறையைத் தொடங்கினார். அதை வங்கி தனக்கென்று பூட்டி வைக்கவில்லை. 2006-இல் எல்லோரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தார்கள். 2007 முடிவில் கான்டர் அபாச்சி என்ற திறமூல உரிமத்தின் கீழ் வந்தது. ரெட் ஹேட் நிறுவனம் ஏ.எம்.க்யூ.பி.-யையும் கான்டரையும் சேர்த்து, வங்கிகளையும் பங்குச் சந்தைகளையும் மனதில் வைத்து எம்.ஆர்.ஜி. என்ற தொகுப்பை 2008-இல் வெளியிட்டது. தான் செய்த திருத்தங்களைக் கான்டருக்கே திருப்பியும் கொடுத்தது.

அதிகாலை ஷிஃப்ட்

லண்டனில் இரவு பத்து மணி என்றால் கோடையில் நமக்கு அதிகாலை இரண்டரை. அவர்கள் உறங்கும் நேரத்தில் கணக்கு ஓட வேண்டும், அவர்கள் அலுவலகம் வரும்போது அறிக்கை தயாராக இருக்க வேண்டும். சென்னையில் எங்களை வேலைக்கு எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பழைய மகாபலிபுரம் சாலை வெறிச்சோடிக் கிடக்கும் நேரத்தில் கேப் எங்களை இறக்கிவிடும். திரையில் லட்சக்கணக்கான பணிகள் வரிசையில் நிற்கும். வரிசை சீராகக் கரைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் வேலை.

ஒரு நாள் வரிசை அளவுக்கு மீறி வேகமாகக் கரைந்தது. மகிழ வேண்டிய விஷயம் அல்ல, பயப்பட வேண்டிய விஷயம் அது. ஒரே ஒரு கணினியின் வட்டு நிரம்பிவிட்டிருந்தது. கொடுத்த பணியை அதனால் தொடங்கவே முடியவில்லை. தொடங்க முடியாமல் அந்த நொடியே தோற்று, ‘நான் காலி’ என்று ஷெட்யூலரிடம் அடுத்ததைக் கேட்டது. நல்ல கணினிகள் ஒரு பணிக்குச் சில நிமிடம் எடுத்துக்கொண்டிருக்க, பழுதான கணினி நொடிக்கு ஒன்றாக விழுங்கிக்கொண்டே போனது. ஆயிரம் கணினிகளுக்கான வேலை ஒரு பழுதான கணினியின் வாயில் போய் விழுந்தது. கிரிட் வேலையில் இருப்பவர்கள் இதைப் ‘பிளாக் ஹோல்’ என்பார்கள்.

எங்கள் பிரிவில் ஓடியது கான்டர். அதன் மூல நிரல் எங்கள் கையில் இருந்தது. அடுத்த பணியை யாருக்குக் கொடுப்பது என்று ஷெட்யூலர் எந்த இடத்தில், எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று வரி வரியாகப் படித்தோம். தொடர்ந்து நொடியில் தோற்கும் கணினிக்குப் பணி கொடுப்பதை நிறுத்தும் விதியை எழுதி, தோற்ற பணிகளை மீண்டும் வரிசையில் சேர்த்தோம். லண்டன் விழிப்பதற்குள் அறிக்கை போய்ச் சேர்ந்தது. விற்றவரிடம் புகார் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய மென்பொருளாக இருந்திருந்தால் அந்த விடியல் வேறு மாதிரி இருந்திருக்கும். உலகின் மிக இறுக்கமான நிறுவனங்கள் திறமூலத்தை நம்பியதற்குக் கட்டணத்தைவிடப் பெரிய காரணம் இது என்று நான் நினைக்கிறேன். விடிவதற்குள் முடிக்க வேண்டிய வேலைக்கு, திறந்து பார்க்க முடிகிற கருவிதான் துணை.

அந்த மென்பொருள்களை நம் பக்கத்தில் ஆழமாகக் கற்றவர்களும் இருந்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2000களின் நடுவில் கருடா என்ற தேசிய கிரிட்டைக் கட்டியது. 17 நகரங்களில் 45 நிறுவனங்களை அது இணைத்தது. சென்னையும் அதில் ஒன்று. குளோபஸ் போன்ற திறமூல மென்பொருள்களை வைத்து கிரிட் ஆராய்ச்சி நடத்திய ஒரு முக்கிய இடம் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம், பேராசிரியர் தாமரைச்செல்வி சோமசுந்தரம் அங்கே அந்தத் துறையை வளர்த்தார். எம்.ஐ.டி. இருப்பது குரோம்பேட்டையில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் அங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனிதான் அந்த ஊர் உருவானதற்கே காரணம். தோலும் கணினியும் தமிழ்நாட்டில் ஒரே ஊரில் அடுத்தடுத்துத் தங்கியிருக்கின்றன. ஆனால் அந்த அறிவு தோல் வியாபாரியின் நாணயக் கணக்குக்கு உதவும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

2007

அந்த ஆண்டின் தொடக்கத்தில் டாலர் சுமார் 44 ரூபாய். நவம்பரில் 40-க்கும் கீழே இறங்கிவிட்டது. பத்து லட்சம் டாலர் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 44-இல் அது 4 கோடியே 40 லட்சம். 39.50-இல் 3 கோடியே 95 லட்சம். அதே தோல், அதே கூலி, அதே ஷூ. 45 லட்சம் ரூபாய் காணாமல் போயிற்று. ஆம்பூரிலும் திருப்பூரிலும் முதலாளிகள் தவித்த காலம் அது.

அந்தத் தவிப்பின் நடுவில் பல வங்கிகள் புது ஒப்பந்தங்களோடு வந்தன. கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் என்றார்கள். டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும், அல்லது டாலருக்கும் யென்னுக்கும் இடையிலான விலை இன்ன எல்லையைத் தாண்டாத வரை உங்களுக்குப் பணம் வரும் என்றார்கள். எல்லையைத் தாண்டினால் நீங்கள் தர வேண்டியது பல மடங்கு என்பதும் அதே தாளில் இருந்தது. ஆம்பூர் கம்பெனிக்கு ஃபிராங்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை. தன்னை அறியாமலே அது வங்கிக்கு ஆப்ஷன் விற்றுக்கொண்டிருந்தது.

2008 மார்ச்சில் டாலர் வரலாற்றில் முதன்முறையாக ஒரு சுவிஸ் ஃபிராங்குக்கும் கீழே போனது. அதே மாதம் 100 யென்னுக்கும் கீழே போனது. எல்லைகள் உடைந்தன. தமிழ்நாட்டில் இப்படி நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று, கோவையைச் சேர்ந்த ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையிலானது. 2007 ஜூன் 22-இல் போட்ட டாலர்–ஃபிராங்க் ஒப்பந்தம் சூதாட்டம், செல்லாது என்றது நிறுவனம். 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், அது சூதாட்டம் ஆகாது, ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தார். வாடிக்கையாளருக்குப் பொருந்துமா என்று பார்த்தே இத்தகைய ஒப்பந்தங்களை விற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007 ஏப்ரலிலேயே விதி வகுத்திருந்தது. டெரிவேட்டிவ் எனப்படும் இத்தகைய ஒப்பந்தங்களுக்கான விதிகளை மீறியதாக 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அது அபராதம் போட்டது. விதி ஏட்டில் இருந்தது, கணக்கு வங்கிக்குள் இருந்தது, கையெழுத்து மட்டும் நம் ஊரில் போடப்பட்டது.

அப்பாவின் கம்பெனியும் அப்படியொரு ஒப்பந்தத்தில் சிக்கியது. எந்த வங்கி என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. நஷ்டத்தை ஈடுகட்ட முதலில் கை வைத்தது ஜாப் ஒர்க்கில். கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பர் மூட்டைகள் குறைந்தன. ஃபிராங்க் என்ற நாணயத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத பெண்களின் வாரக் கூலியில் அந்த ஒப்பந்தம் போய் இறங்கியது.

அப்பா அந்தத் தாளின் நகலை வீட்டில் வைத்திருந்தார். அவர் என்னிடம் சொன்னது இன்றும் மனதில் இருக்கிறது: “அவங்க கம்ப்யூட்டர்ல என்னா வந்துச்சுன்னு நமக்குக் காட்டலமா. நம்ம கைக்கு வந்தது இந்த ஒரு தாளுதான்.”

அவர் சொன்னது உண்மை. அந்த மாதிரி ஒப்பந்தத்தை விற்கும் முன் வங்கியின் கணினிகள் அதை ஆயிரக்கணக்கான பாதைகளில் ஓட்டிப் பார்த்திருக்கும். விற்ற பிறகும் ஒவ்வொரு இரவும் ஓட்டியிருக்கும். நான் உட்கார்ந்திருந்த ஷிஃப்டுகளில் அதைப் போன்ற ஒப்பந்தங்கள் எத்தனையோ வரிசையில் நின்று கரைந்திருக்கின்றன. பணியைப் பிரித்துக் கொடுக்கும் கருவி எல்லோருக்கும் திறந்திருந்தது. அந்தக் கருவி போட்டுத் தந்த விடை ஒரு பக்கத்துக்கு மட்டுமே தெரிந்தது.

விடையும் திறக்கும் காலம்

திறந்த நிரலுக்கு இருக்கும் ஆயுளைக் காட்டிய சம்பவம் ஒன்று 2010-இல் நடந்தது. சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், கிரிட் என்ஜினைத் திரும்ப மூடிக்கொண்டது. அதை நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. ஏற்கெனவே திறந்துவிட்ட நிரலை எடுத்து வேறு பெயர்களில் தொடர்ந்தார்கள். 2011 தொடக்கத்தில் அதை எழுதிய பொறியாளர்கள் பலரை யுனிவா நிறுவனம் சேர்த்துக்கொண்டது. பொதுவில் ஒருமுறை வந்துவிட்ட அறிவை நிறுவனம் கைமாறியதால் மட்டும் திருப்பி வாங்கிவிட முடியாது. கான்டர் 2012-இல் எச்.டி. கான்டர் என்று பெயர் மாறி, இன்றும் விஸ்கான்சினிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

கருவியோடு நிற்காமல் கணக்கும் திறந்தது. ஆப்ஷன்களுக்கும் வட்டி ஒப்பந்தங்களுக்கும் விலை போடும் குவான்ட்லிப் 2000-இல் தொடங்கிய திறமூல நூலகம். அதன்மேல் எழுப்பப்பட்ட ஓப்பன் சோர்ஸ் ரிஸ்க் என்ஜின் 2016-இல் வெளிவந்தது. வங்கியின் உள்ளறையில் மட்டும் நடந்த அபாயக் கணக்கின் பெரும்பகுதியை அதை வைத்து யாரும் போட்டுப் பார்க்கலாம். அப்பாவின் பழைய தாளை நான் குவான்ட்லிப்பில் ஓட்டிப் பார்த்தேன். வீட்டு லேப்டாப்பில் ஒரு காபி ஆறுவதற்குள் விடை வந்தது. பெரும்பாலான பாதைகளில் கம்பெனிக்குச் சின்ன லாபம். மிச்சப் பாதைகளில் பல வருட உழைப்பை விழுங்கும் நஷ்டம். இந்த இரண்டு வரியை 2007-இல் யாராவது அந்த முதலாளியிடம் காட்டியிருந்தால் அவர் பேனாவை மூடியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் வந்த எஃப்.எக்ஸ்-ரீடெய்ல் தளத்தில் சிறிய ஏற்றுமதியாளரும் டாலரின் சந்தை விலையைத் தன் கண்ணால் பார்க்கலாம். நேரடியான வாங்கல் விற்றலுக்கு அது நல்ல துணை. சிக்கலான ஒப்பந்தம் மேஜைக்கு வரும்போது அந்தத் தளம் போதாது. அங்கே கணக்குதான் வேண்டும்.

ஒரு தோல் ஷாப்பு தனியாக அந்தக் கணக்கைப் போடும் ஏற்பாட்டைச் செய்ய முடியாது என்பார்கள். எங்கள் ஊர் ஒருமுறை இதே பேச்சைக் கேட்டிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் சுத்திகரிப்பு இல்லாமல் தோல் ஷாப்பு நடத்தக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. சிறிய தோல் ஷாப்பு எதுவும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்க முடியாது. அதனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று ஊருக்கு ஊர் பொது நிலையங்களில் பங்கு போட்டுச் சேர்ந்தார்கள். பாலாற்றுக்கு நேர்ந்த கேடு அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தனியாக முடியாத செலவைச் சேர்ந்து ஏற்கத் தெரிந்த ஊர்கள் இவை என்பதற்கு அந்த நிலையங்களே சாட்சி.

இதேபோல் சேர்ந்து அமைக்கும் பொதுக் கணக்கு மேஜை ஒன்றுக்கு அந்தச் செலவில் ஒரு துளிகூட ஆகாது. மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. வேலூர்ப் பகுதிக் கல்லூரிகளின் ஆய்வகக் கணினிகள் மாலை ஆனதும் அணைக்கப்படுகின்றன. விஸ்கான்சினில் 1988-இல் கான்டர் தேடி அலைந்தது அப்படிப்பட்ட கணினிகளைத்தான். தோல் ஏற்றுமதியாளர் சங்கமும் ஒரு கல்லூரியும் கை கோத்தால், சந்தைக் கணக்கு தெரிந்த இரண்டு பேரை வைத்து இதைத் தொடங்கிவிடலாம். வங்கி நீட்டும் எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் அந்த மேஜைக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒரு பக்க அறிக்கை வர வேண்டும்: அதிகபட்சம் என்ன கிடைக்கும், மிக மோசமானால் என்ன போகும், நூறு பாதைகளில் எத்தனையில் போகும். வெதர்ஸ்டோன் மாலை 4.15-க்குக் கேட்ட அதே ஒரு பக்கம்தான். அதைக் கேட்கும் உரிமை ஆம்பூரின் சிறு முதலாளிக்கும் உண்டு. அவர் கொடுக்கும் மூட்டையை நம்பித் தைக்கும் பெண்ணின் கூலியும் அந்தப் பக்கத்தில் அடங்கியிருப்பதால், அவருக்கு அது கடமையும்கூட.